ஸ்கோப் இல்லாத துவக்கால் மானுக்கு எவ்வளவு தூரத்தில் வெடி வைக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கனடாவில், ஒன்டாரியோவில் 22 வருடம் இருந்துவிட்டுப் மட்டக்களப்பின் படுவான்கரைக்குத் திரும்பி வந்தவன். அங்கே இருந்தபோது நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குப் போவேன், அனுமதிச்சீட்டோடு, ஒவ்வொரு வருடமும். கையில் இருந்தது லீவரை இழுத்துச் சுடும் 30-30 வின்செஸ்டர். தூரத்தில் நிற்பதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குழாயான ஸ்கோப் பூட்டியதே இல்லை, துவக்குக் குழலின் மேலே இருக்கும் குறிதான். இப்போது கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற மருமக்கள் வேட்டை லைசன்ஸ் எடுத்ததும் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள், எல்லாரும் கேட்பது ஒன்றையே கேட்கிறார்கள். ஊர்ப் பொடியன்களும் கேட்கிறார்கள், அவர்களுக்கான பதில் வேறு, அது கடைசியில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் மாமா, எத்தனை மீட்டர்?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 50 மீட்டர். ஒழுங்காகப் பழகியவர், துவக்கைச் சாய்த்து வைக்க ஒரு மரமோ கட்டையோ கிடைத்தால் 75. நல்ல வெளிச்சம், அசையாமல் நிற்கிற மான், கைக்குத் தாங்கல், துளைக் குறி (அது என்ன என்று கீழே இருக்கிறது), இந்த நாலும் சேர்ந்து அமைந்தால் 100. அதற்கு மேல் நான் போனதில்லை, ஒரு தடவையைத் தவிர, அதைக் கீழே சொல்கிறேன். 150 மீட்டரில் வெறும் குறியால் சுடக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கோடை முழுக்க வாராவாரம் சுடப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போய் நூற்றுக்கணக்கில் தோட்டா செலவழிக்கிறவர்கள், வருடத்துக்கு ஒரு பெட்டி வாங்குகிற நீங்களும் நானும் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.

30-30 தோட்டா 200 மீட்டருக்கு மேலும் போகுமே, ஏன் இவ்வளவு குறைக்கிறீர்கள்?

தோட்டா போகும், போவதில் சந்தேகமே இல்லை. 150 கிரெயின் (கிட்டத்தட்ட 10 கிராம்) எடையுள்ள சன்னம், அதாவது தோட்டாவில் இருந்து பறந்து போகிற குண்டு, குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்குச் சுமார் 725 மீட்டர் வேகம். போதாமல் இருப்பது கண்ணும் குறியும்.

ஒரு சின்னக் கணக்குச் செய்து பாருங்கள். துவக்குக் குழலின் நுனியில் முன்குறியாக நிற்கும் சின்ன உருண்டையை மணி என்போம், அது சாதாரணமாக 1.6 மில்லிமீட்டர் அகலம். துவக்கைத் தோளில் வைத்துப் பார்க்கும்போது அது உங்கள் கண்ணில் இருந்து ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அப்படியென்றால் 100 மீட்டரில் அந்த மணி 20 சென்டிமீட்டரை மறைக்கும். வெள்ளைவால் மானின் நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலுமாக நாம் நம்பிச் சுடக்கூடிய வட்டமும் அதே 20 சென்டிமீட்டர்தான். ஆகவே 100 மீட்டரில் மணி அந்த வட்டத்தை முழுதாக மூடிவிடுகிறது. 200 மீட்டரில் 40 சென்டிமீட்டர், அதாவது முதுகில் இருந்து நெஞ்சின் அடி வரைக்கும் கிட்டத்தட்ட முழு மானையும் மறைத்துவிடும், நீங்கள் மானுக்குக் குறி வைக்கவில்லை, மான் இருக்கும் பக்கத்துக்குக் குறி வைக்கிறீர்கள்.

இன்னொன்று, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். மணி பின்குறியில் இருக்கும் வெட்டுக்குள் அரை மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் சன்னம் 10 சென்டிமீட்டர் விலகும். அரை மில்லிமீட்டர் என்பது நகத்தின் தடிப்புத்தான். குளிரில் விறைத்த விரலும் படபடக்கிற நெஞ்சுமாக அந்த அளவைத் தவறாமல் பிடிப்பது எவ்வளவு பாடு என்று மானை முதல்முதல் பார்க்கும்போது தெரியும். அதோடு தோட்டா விழவும் செய்கிறது. 100 யாருக்கு (91 மீட்டர்) சரிசெய்த 30-30 துவக்கு 200 யாரில் (183 மீட்டர்) சுமார் 20 சென்டிமீட்டர் கீழே அடிக்கும்.

குறியில் எந்த வகை நல்லது?

கடையில் வாங்கும்போது வருவது பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு மணி. கிட்டத் தூரத்துக்கு இது போதும். ஆனால் கண் ஒரே நேரத்தில் வெட்டு, மணி, மான் என்று மூன்று இடத்தைப் பார்க்க வேண்டி இருக்கிறது, கண்ணால் தெளிவாகப் பார்க்க முடிவது ஒன்றைத்தான்.

துளைக் குறி, பீப் சைட் என்று கேட்டால் கொடுப்பார்கள், அது கண்ணுக்குக் கிட்டப் பூட்டும் ஒரு வளையம். வளையத்தை நீங்கள் பார்க்கவே தேவையில்லை, அதன் ஊடாகப் பார்த்தால் போதும், மணியை நடுவில் கொண்டுவரும் வேலையைக் கண் தானாகவே செய்துவிடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால் பிழையும் குறைகிறது. வேட்டைக்குப் பெரிய துளை வையுங்கள், சின்னத் துளை ரேஞ்சில் வடிவாகச் சுடும், காட்டில் பின்னேரமானால் இருட்டிவிடும். எனக்கு இதை மாற்றியதில்தான் 75 என்பது 100 ஆனது.

எதுவாக இருந்தாலும் கடைசிக் கணத்தில் பார்வை மணியில் இருக்க வேண்டும். மான் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் அது சரியான பார்வை.

என்னுடைய தூரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

20 சென்டிமீட்டர் கடதாசித் தட்டு ஒரு கட்டு வாங்குங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை விடுங்கள், அது துவக்கைச் சரிபார்க்க மட்டும். காட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள், முழங்காலில், மரத்தில் சாய்ந்து, குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு. 25 மீட்டரில் தொடங்கி ஐந்து வெடி வையுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 10 மீட்டர் பின்னால் போங்கள். நாலு விழுந்து ஒன்று வெளியே போன இடத்தில் நில்லுங்கள், அதற்கு முந்திய தூரம்தான் உங்களுடையது.

அந்த ஒன்றை மன்னித்துவிடாதீர்கள். "அது விரல் வழுக்கியது" என்று என் மருமகன் ஒருவன் சொன்னான். காட்டிலும் விரல் வழுக்கும், அங்கே தட்டுக்குப் பதிலாக மான் நிற்கும்.

இன்னும் ஒரு முறை இருக்கிறது. அந்த இடத்தில் இருந்து 50 அடி ஓடிப்போய் ஓடிவந்து, மூச்சு வாங்க வாங்க ஐந்து வெடி. எனக்கு வந்த முடிவைப் பார்த்து ஒரு வாரம் கவலையாக இருந்தது. பழகப் பழகக் கொஞ்சம் திருந்தும்.

குறியை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்?

75 மீட்டருக்குச் செய்தால் 100 வரைக்கும் மேலே கீழே யோசிக்காமல் நடுவில் வைத்துச் சுடலாம். சரிசெய்யும்போது நினைவில் வைக்க வேண்டியது, பின்குறியைத் தோட்டா போக வேண்டிய பக்கத்துக்கே தள்ள வேண்டும், முன்குறி என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இடப்பக்கம் அடிக்கிறது, குறிகளுக்கிடையே 50 சென்டிமீட்டர் என்றால், பின்குறியை வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர். பித்தளைத் தண்டு வைத்து மெல்லத் தட்டுங்கள். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதே தோட்டாவால் சரிசெய்யுங்கள், 150 கிரெயினில் செய்துவிட்டு 170 கிரெயினோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

தூரத்தை எப்படி மட்டுக்கட்டுவது? மீட்டர் காட்டுகிற கருவி வாங்கலாமா?

வாங்கலாம், நல்லதுதான். ஆனால் மான் வெளியே வந்து நிற்பது சில நேரம் ஐந்து விநாடி, கருவியை எடுத்து அமத்தி வாசிக்கும்போது போய்விடும். காவலில் உட்கார்ந்ததுமே சுற்றி நிற்கும் நாலைந்து மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மரம் 40, அந்தக் கல் 70 என்று.

எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது கிரிக்கெட் பிட்ச்தான், சின்னனில் இருந்து கண்ணில் பதிந்த அளவு அது. 22 யார், அதாவது 20 மீட்டர். காட்டில் பிட்ச் பிட்ச்சாக எண்ணுங்கள். இரண்டரை பிட்ச் 50 மீட்டர், ஐந்து பிட்ச் 100. மட்டக்களப்பில் வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டக் கோல் ஒன்றில் நின்று மற்றக் கோலைப் பார்த்தவர்களுக்கு 100 மீட்டர் எப்படித் தெரியும் என்று தெரிந்திருக்கும், அந்தக் கோலில் நிற்பவனின் நெஞ்சில் ஒரு தட்டை வைத்து யோசித்துப் பாருங்கள். கல்லடிப் பாலத்தின் மற்ற முனை 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அங்கே நிற்கிற ஆளின் முகமே தெரியாது.

மணியையே அளவுகோலாகவும் பாவிக்கலாம். வெள்ளைவால் மானின் உடம்பு முதுகில் இருந்து நெஞ்சின் அடி வரைக்கும் 40 சென்டிமீட்டர் போல இருக்கும். மணி அதில் கால்வாசியை மறைத்தால் 50 மீட்டர், பாதியை மறைத்தால் 100. பாதிக்கு மேல் மறைத்தால் துவக்கை இறக்கிவிடுங்கள். இதற்குக் கருவியும் வேண்டாம், கையும் அசையாது. உங்கள் மணியின் அகலத்தையும் கண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள், ஆளுக்காள் துவக்குக்குத் துவக்கு மாறும்.

பனி கொட்டிய வெளியிலும் தண்ணீருக்கு அப்பாலும் நிற்கிறது கிட்ட நிற்பதாகத் தெரியும், இருட்டுகிற நேரம் தூரத்தில் நிற்பதாகத் தெரியும். இரண்டும் கண்ணை ஏமாற்றும்.

விடியவும் பொழுது படும்போதும்தானே மான் வருகிறது, அப்போது?

ஒன்டாரியோவில் சூரியன் உதிக்க அரை மணி முந்தியும் அடைந்து அரை மணி பிந்தியும் சுட அனுமதி உண்டு. ஸ்கோப் வைத்திருப்பவனுக்கு அந்த அரை மணி கைகொடுக்கும். வெறும் குறிக்காரனுக்கு அதில் பாதிதான் சொந்தம் என்று நான் வைத்திருக்கிறேன், 10 நிமிடம் கூடப் போகலாம், ஆனால் தூரத்தைப் பாதியாக்க வேண்டும்.

என்ன நடக்கிறது என்றால், இருட்டத் தொடங்கியதும் பின்குறியின் வெட்டு தெரியாது. மணி தெரிய வேண்டும் என்று உங்களை அறியாமலே அதை வெட்டுக்கு மேலே தூக்குவீர்கள். ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் மேலே. மானின் முதுகுக்கு மேலால் போகும், அல்லது அதைவிட மோசமாக, முதுகுச் சதையில் படும்.

எனக்கு நடந்தது அதுதான். நாலாவது வருடம், நவம்பர் கடைசி, பின்னேரம் ஐந்து மணிக்குக் கிட்ட. ஒரு பெட்டை மான் சதுப்பின் ஓரத்தால் வந்து நின்றது. 80 மீட்டர் என்று நினைத்தேன், அடுத்த நாள் எட்டு வைத்து எண்ணியபோது 115. மணியை வைத்தேன், மணி மட்டும்தான் தெரிந்தது. வெடி வைத்ததும் மான் விழுந்தது, எனக்குச் சந்தோஷம், நான் எழும்பினேன், அதுவும் எழும்பி ஓடியது. விழுந்த இடத்தில் பனியில் ஒரு பிடி மயிர், கருமையான நீள மயிர், முதுகில் இருக்கிற மயிர். இரத்தம் ஐந்தாறு துளி. வயிற்று மயிர் வெளிறி இருக்கும், அதனால் எங்கே பட்டது என்று பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் இரவு பத்து மணி வரைக்கும் தடம் பார்த்தேன், அடுத்த நாள் முழுக்கப் பார்த்தேன். தடம் ஒரு ஓடைக்குள் இறங்கியது, மற்றக் கரையில் ஏறவே இல்லை. அந்த மான் எங்கே போய் எப்படிச் செத்தது, செத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வருடம் மீதி நாட்களுக்கு நான் காட்டுக்குப் போகவில்லை. துளைக் குறி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

வெயில் நேரத்தில் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. வெயில் வலப்பக்கம் இருந்து மணியில் பட்டால் வலப்பக்கம் பளிச்சென்று மின்னும், கண் அந்த மினுக்கத்தையே மணி என்று எடுத்து நடுவில் வைக்கும், தோட்டா இடப்பக்கம் போகும். ரேஞ்சில் சுடுகிறவர்கள் முன்குறியைக் கரி பிடிக்க வைப்பது இதற்காகத்தான். கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையைக் குறியில் காட்டினால் மை போலக் கறுப்புப் பிடிக்கும், நாங்கள் கோயிலுக்கு வாங்குகிற அதே கற்பூரம். துவக்கில் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காட்டுக்குப் போகும்போது துடைத்துவிடுங்கள், மரநிழலில் கறுப்பு மணி கறுப்பு மானில் கரைந்துவிடும், அங்கே வெள்ளை அல்லது பித்தளை மணிதான் உதவும்.

நடக்கிற மானுக்குச் சுடலாமா?

100 மீட்டர் போக 30-30 சன்னத்துக்கு 0.15 விநாடி எடுக்கும். மெல்ல நடக்கிற மான் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அதாவது அந்தத் தட்டின் முழு அகலம். நெஞ்சுக்கு வைத்தது வயிற்றில் படும். 40 மீட்டருக்குள் என்றால் பழகியவர் சுடலாம். ஓடுகிற மான் எந்தத் தூரத்திலும் வேண்டாம். நாக்கால் ஒரு "ட்ச்" சத்தம் போட்டுப் பாருங்கள், நடந்து வருகிற மான் பல நேரம் நின்று காதைத் திருப்பும்.

எந்த இடத்தில் வைப்பது?

பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் அடியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அப்பால் திரும்பிச் சாய்ந்து நின்றால், மற்றப்பக்க முன்காலை மனதில் வைத்து அதை நோக்கி. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வேண்டாம், தலைக்கும் வேண்டாம்.

சுட்டதும் எழும்பி ஓடாதீர்கள். மான் கடைசியாக நின்ற இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு அரை மணி இருங்கள். நுரையோடு சிவந்த இரத்தம் நுரையீரல், கிட்டத்தான் கிடக்கும். பச்சையாக, மணமாக இருந்தால் வயிறு, அப்போது பல மணித்தியாலம் விட வேண்டும், துரத்தினால் அது இன்னும் தூரம் போய்ச் சாகும்.

எனக்கு ரைபிள் இல்லை, 12 போர் துவக்கு (ஷொட்கன்) தான் இருக்கிறது?

ஒன்டாரியோவின் தெற்கே பல பகுதிகளில் மானுக்கு ரைபிளே பாவிக்க முடியாது, ஆகவே இது நல்ல கேள்வி. ஒற்றைச் சன்னத் தோட்டா, ஸ்லக் என்பது, நுனியில் ஒரு மணி மட்டும் இருக்கிற துவக்கில் 40 முதல் 50 மீட்டர். பின்குறியும் இருந்தால் 75. எங்கள் பக்கம் எஸ்.ஜி. என்று சொல்லும் ஒன்பது குண்டுத் தோட்டா 30 மீட்டருக்கு மேல் சிதறிவிடும், ஒன்றிரண்டு குண்டு பட்ட மான் ஓடிப்போய் நாள்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும். அதை நான் மானுக்குப் பாவிக்க மாட்டேன்.

வயது 50, மணி மங்கலாகத் தெரிகிறது.

40 தாண்டியதும் எல்லாருக்கும் வருவதுதான். துளைக் குறி இதற்கும் உதவும், சின்னத் துளையூடாகப் பார்க்கும்போது மங்கல் குறையும். கண் வைத்தியரிடம் போய், வாசிக்கிற தூரத்துக்கு இல்லை, 80 சென்டிமீட்டருக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஸ்கோப் பூட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மானுக்கு அதுதான் நல்லது.

அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன், இங்கே மரை (சாம்பர் மான்) சுடுகிறார்கள். அதே தூரமா?

விக்டோரியாவில் இருப்பது நம்முடைய மரையேதான், 1860களில் ஆசியாவில் இருந்து கப்பலில் கொண்டுபோய் விட்டது பெருகியிருக்கிறது. உடம்பு பெரிது, குறி வைக்கிற வட்டமும் பெரிது, ஆனால் எலும்பும் தோலும் தடிப்பு. அங்கே மரைக்கு ஆகக் குறைந்தது 270 கலிபரும் (0.27 அங்குலக் குழல்) 130 கிரெயின் சன்னமும் என்று சட்டம். மலைச்சரிவும் அடர்ந்த காடும் என்பதால் பல வெடிகள் 50 மீட்டருக்குள்ளேயே வரும் என்று மச்சான் சொல்கிறார், வெறும் குறிக்கு அது பொருத்தமான காடு. ஆனாலும் தட்டைப் பெரிதாக்க வேண்டாம், அதே 20 சென்டிமீட்டரை வைத்துப் பழகுங்கள்.

அங்கிள், இங்கே எங்கள் வட்டைக்குப் பின்னால் மான் வருகிறது. வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத் துவக்கும் இருக்கிறது. சுடலாமா?

கூடாது. புள்ளிமான், மரை இரண்டும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. சுடுவதும் குற்றம், இறைச்சியை விற்பதும் குற்றம். பயிர்க் காவலுக்குத் தந்த துவக்கு மானுக்குத் தந்தது இல்லை. கனடாவில் நான் சுட்டேன் என்பது அங்கே எத்தனை மான் இருக்கிறது என்று கணக்கெடுத்து, எத்தனை எடுக்கலாம் என்று முடிவுசெய்து, பாடம் படிப்பித்துச் சோதனை வைத்துச் சீட்டுக் கொடுத்ததால். இங்கே காடு சுருங்கிக்கொண்டு போகிறது, மிஞ்சியிருக்கிற மான்தான் சிறுத்தைக்கும் சாப்பாடு.

கயிறு தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கைப் பற்றியும் ஒரு சொல். கயிற்றைக் கட்டிவிட்டுப் படுக்கப் போகிறவனுக்குத் தூரமும் இல்லை, குறியும் இல்லை, கயிற்றில் தட்டுப்படுகிறது மானா, மாடா, விறகுக்குப் போன மனுசியா என்று அது பார்க்காது. இதைப் பற்றி என்னிடம் யாரும் ஆலோசனை கேட்க வேண்டாம்.

மானைப் பார்க்க ஆசை என்றால் குமணைத் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். பாணமையில் இருந்து விடியக் காலை போனால் வில்லுக் குளத்தின் ஓரத்தில் புள்ளிமான் கூட்டமாக நிற்கும். போன மாசி நான் பெறாமகனோடு போனேன். வண்டியை நிறுத்தியதும் அவனிடம் அந்தக் கொம்பு மான் எத்தனை பிட்ச் என்று கேட்டேன், மூன்று என்றான். தூரம் பார்க்கும் கருவியை எடுத்துக் காட்டினேன், 104 மீட்டர்.